பல் டாக்டரை நிறுத்திய எஸ்டேட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஸ்டேட் நிர்வாகத்தினருக்கு,

போன வாரம், தொழிலாளர்களுக்கு வருகை போடும் மஸ்டர் ஷெட்டில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை அண்ணன் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பினான். வருடத்துக்கு இரண்டு முறை நம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த பல் டாக்டர் இனி வரமாட்டார். பல்வலி உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம். அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்ட பெண்களிடம் மேனேஜர் ஐயா ஒரு தாளைக் காட்டி, "இங்கிலாந்துலயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பல்லைக் காட்டுறதால ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சொன்னாராம்.

அந்தத் தாளை நானும் படித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வால்பாறை மலையில் உள்ள உங்கள் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் அங்கே கொழுந்து பறித்துவிட்டு இரண்டு வருடம் முன்புதான் ஓய்வு பெற்றார். அப்பா மருந்தடிக்கும் வேலையில் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. அண்ணன் ஃபேக்டரியில் இருக்கிறான். நான் பதினொரு வருடமாகப் பொள்ளாச்சியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நடந்த பல் முகாமுக்கு வந்துகொண்டிருந்தவர் எங்கள் டாக்டர் இல்லை. இந்த மடலால் எங்கள் கிளினிக்குக்கு வரும்படி எதுவும் கிடையாது. சொல்லப்போனால், உங்கள் அறிவிப்பு அப்படியே நின்றால்தான் எங்களுக்குக் கூட்டம் சேரும். முற்றிப்போன பல்லோடு வருகிறவர்களிடம்தான் எந்தக் கிளினிக்குக்கும் அதிகம் கிடைக்கும். அதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கும் பகுதியை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆராய்ச்சி உண்மையானது, நல்ல ஆராய்ச்சி. 'இன்டர்வல்' என்று பெயர். பிரிட்டனில் 51 பல் மருத்துவமனைகளில், 2,372 பேரை வைத்து, நான்கு வருடம் பின்தொடர்ந்து நடத்தி, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனவர்களுக்கும், பல்லின் நிலையைப் பார்த்து டாக்டர் சொன்ன இடைவெளியில் போனவர்களுக்கும் ஈறின் ஆரோக்கியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆபத்து குறைந்தவர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனவர்கள்கூட மோசமாகிவிடவில்லை. நல்ல ஈறு உள்ள பெரியவர்களுக்குக் கணக்கு வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து அலசி 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. எங்கள் கிளினிக்குக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலருக்குச் சொத்தையும் இருக்காது, ஈறில் ரத்தமும் வராது. "அடுத்த வருஷம் வந்தா போதும், போ" என்று எங்கள் டாக்டரே அனுப்பிவிடுவார். ஆறு மாதம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி இல்லை. சரி.

ஆனால் அந்த 2,372 பேர் யார் என்று பார்த்தீர்களா? எல்லோரும் பெரியவர்கள். எல்லோரும் அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் பல் டாக்டரிடம் போய் வந்தவர்கள். பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறவர்கள். யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான் அவர்களைப் பிரித்தார்கள். அதிலும், இந்த ஆளுக்கு இரண்டு வருடம் விட்டாலும் பரவாயில்லை என்று டாக்டர் வாயைப் பார்த்துச் சொன்னவர்களைத்தான் இரண்டு வருட இடைவெளிக்கான சீட்டுக் குலுக்கலிலேயே சேர்த்தார்கள். 'பார்க்கவே வேண்டாம்' என்று ஒரு பிரிவு அந்த ஆராய்ச்சியில் இல்லை. 'வலி வந்தால் வா' என்றும் ஒரு பிரிவு இல்லை. அந்த நாட்டில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2004-இலேயே எழுதி வைத்தது இதுதான்: பெரியவர்களுக்கு அவரவர் ஆபத்தைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி இருக்கலாம்; 18 வயதுக்குக் கீழே இருந்தால் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

அதாவது ஆபத்து குறைந்தவருக்கு வருகையைக் குறை, ஆபத்து அதிகம் உள்ளவரை அடிக்கடி பார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்த அறிவுரை. நீங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, அதையும் நீட்டி, எல்லோருக்கும் நிறுத்திவிட்டீர்கள்.

நம் எஸ்டேட்டில் ஆபத்து குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். விடிகாலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும் பெண்களில் வெற்றிலை போடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழை நின்று பெய்கிற ஜூலையில், பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கால் முழுக்க அட்டை ஏறி நிற்கும்போது, வாயில் அதக்கிய புகையிலைதான் குளிரையும் பசியையும் அடக்கும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் பார்த்ததே இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. பதினைந்து வயதில் தொடங்கிய பழக்கம். புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வெற்றிலைப்பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முடிவு சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் மலைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது அந்தப் பல் டாக்டர்தான், அதுவும் 2016-இல் முகாம் தொடங்கிய பிறகு.

அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

முகாமென்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரித் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நெற்றியில் கட்டிய ஒரு விளக்கு, ஒரு சின்னக் கண்ணாடி, பஞ்சு. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைப் பஞ்சால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்ப்பார். கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்குக்கு அடியில், மேலண்ணம். ஒரு ஆளுக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். பார்த்ததை ஒரு பதிவேட்டில் படம் போட்டு எழுதி வைப்பார். 2018 டிசம்பரில் அம்மாவைப் பார்த்துவிட்டு, கன்னம் சுத்தமாக இருக்கிறது, புகையிலையை விட்டுவிடுங்கள் என்று எழுதினார். அம்மா விடவில்லை. 2019 ஜூனில் மறுபடி பார்த்தபோது, இடது கன்னத்தின் உட்பக்கம், புகையிலையை எப்போதும் அதக்கி வைக்கிற அதே இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தாலும் போகவில்லை. லூக்கோபிளேக்கியா என்பார்கள். எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோயாக மாறிவிடாது. மாறுகிறவை எவை என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்.

"வலிக்கவே இல்லையே கண்ணு, எதுக்குக் கோயமுத்தூரு? ஒரு நாள் சம்பளம் போகும்" என்று அம்மா கேட்டார். நான் லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று முடிவு வந்தது. அந்தத் திட்டை வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்றோடு சுருக்குப்பையைத் தூக்கி அலமாரி மேலே வைத்தவர்தான். பழக்கம் அவ்வளவு லேசில் விடவில்லை, நடுவில் இரண்டு முறை எடுத்தார், மறுபடி வைத்தார். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே திண்ணையில் அதே டாக்டர் அந்த இடத்தைப் பார்த்தார். போன டிசம்பர் வரைக்கும் ஒன்றும் இல்லை.

அந்த ஆறு மாத இடைவெளி இல்லாமல் போயிருந்தால் எங்கள் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஊகிக்க வேண்டியதில்லை. எதிர் லைனில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் எதிர் லைனில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தம் இல்லை, ஆனால் அம்மா வேலைக்குப் போனால் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர். அவருக்கும் அதே பழக்கம்தான். 2013-இல், முகாம் என்ற பேச்சே இல்லாத காலம். கடைவாய்ப் பல் ஆடுகிறது என்றார், கிராம்புத் தைலம் வைத்தார். காரம் பட்டால் எரிகிறது என்று குழம்பைக் கழுவிச் சாப்பிட்டார். வாய் சரியாகத் திறக்கவில்லை என்று சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தார். இதெல்லாம் பல மாதம் நடந்தது. வலி என்று அவர் வாய்விட்டுச் சொன்னபோது கழுத்தில் கட்டி வந்துவிட்டது. எட்டு மாதத்தில் போய்விட்டார். கடைசி இரண்டு மாதம் கஞ்சித் தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் விட்டோம். வாயிலிருந்து வந்த நாற்றம் தாங்காமல் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் போக மறுத்ததை அவரும் கவனித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவருக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் சீட்டு கொடுத்திருப்பார்கள், பொள்ளாச்சிக்கும் போயிருக்கலாம். வலி இல்லாததால் அவர் கேட்கவில்லை. இப்போது நீங்கள் கொண்டுவந்திருக்கும் ஏற்பாடு அதே 2013-ஆம் வருட ஏற்பாடுதான் என்பதை நிர்வாகம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து ஆராய்ச்சியைத் தேடிப் படித்த நீங்கள், நம் மலைக்குத் தெற்கே பக்கத்து மாநிலத்தில் நடந்ததையும் படித்திருக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள், கிட்டத்தட்ட 1,92,000 பேர். 13 பகுதிகளாகப் பிரித்து, ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை, கையில் பெரிய கருவியும் இல்லை. சந்தேகப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-இல் முடிவு வந்தது. புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களில், பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற பகுதிகளைவிட 34 சதவீதம் குறைவு. 15 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதும் 24 சதவீதம் குறைவாகவே இருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்து மொத்தமாகப் பார்த்தால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதுவும் இங்கிலாந்து ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை. யாருக்கு ஆபத்தோ அவர்களைத் தேடிப் பார் என்றுதான் இரண்டும் சொல்கின்றன. உங்கள் தொழிலாளர்கள் திருவனந்தபுரத்து ஆட்களைப் போன்றவர்களா, பிரிட்டனில் வருடா வருடம் பல்லைக் காட்டுகிறவர்களைப் போன்றவர்களா?

மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டமே 30 வயது தாண்டிய ஒவ்வொருவரின் வாயையும் 5 வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்கிறது. பழக்கம் இருக்கிறதா இல்லையா என்று பிரிக்காமல், எல்லோருக்குமான குறைந்த அளவு அது.

இனி, 'வலி வந்தால்' என்ற சொல்லைப் பற்றி. பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். முதலில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒரு மங்கலான வெள்ளை. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பேஸ்டும் ஒழுங்கான பல் துலக்கலும் இருந்தால் துளையே விழாமல் மீளும். துளை விழுந்த பிறகு அடைக்க வேண்டும். பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழ் வரை போய்விட்டால்தான் ராத்திரி தூங்கவிடாத அந்த வலி வரும். அப்போது வேர் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்க வேண்டும். ஈறு நோய் இன்னும் மோசம். எலும்பு கரைந்து பல் ஆடும்வரை பலருக்கு வலியே தெரியாது. அடைக்க இரண்டு மூன்று நாள் கூலி ஆகும். வேர் சிகிச்சை செய்து கேப் போட அரை மாதக் கூலி போய்விடும். எங்கள் கிளினிக்குக்கு மலையிலிருந்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "பிடுங்கிருங்க." காப்பாற்றக்கூடிய பல்லாக இருக்கும். திரும்ப இரண்டு மூன்று முறை வர அவர்களால் முடியாது.

ஏன் முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட்டிலிருந்து வால்பாறைக்கு வருவது தனி. பாதிப் பேர் வளைவில் வாந்தி எடுத்துத் துவண்டுபோய்த்தான் கிளினிக்குக்கு வந்து சேருகிறார்கள். இருட்டுவதற்குள் லைனுக்குத் திரும்பிவிட வேண்டும், யானை நிற்கும். கூட ஒரு ஆள் வந்தால் இரண்டு நாள் கூலி போகிறது. கன்னம் வீங்கி உயிர் போகிறபோது வருவார்கள். கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்பதற்காக யாரும் வரமாட்டார்கள், இருப்பதே தெரியாது.

இன்னொரு கூட்டத்தை இந்த அறிவிப்பு அடியோடு மறந்துவிட்டது. இன்று நம் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும் பகுதி ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். அறிவிப்பு தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர்களுக்கு எது புரியும்? அவர்கள் வெற்றிலை போடுவதைவிடக் கைனி வைப்பது அதிகம். புகையிலையையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் தேய்த்துக் கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள். கடைசி முகாமுக்கு நானும் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போயிருந்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள். கீழுதட்டைப் புரட்டினால் உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மூன்று பேருக்குப் பார்த்தோம். "அடுத்த முகாமில் கட்டாயம் வர வேண்டும்" என்று அரைகுறை இந்தியில் சொல்லி அனுப்பினோம். அந்த அடுத்த முகாமைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பையன்கள் பொள்ளாச்சியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனதில்லை.

குழந்தைகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, காப்பகத்துக்கு ஒரு காலை நேரில் வந்து பாருங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் சர்க்கரை போட்ட பாலையோ கட்டன் டீயையோ பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம், பிள்ளை அதை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறது. மூன்று வயதுக்குள் மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து கறுத்துவிடும். எங்கள் அம்மா என் அண்ணனுக்குச் செய்ததும் இதுதான், யாரும் சொல்லித் தரவில்லை. பால்பல்தானே விழுந்துவிடும் என்பார்கள். விழுகிறவரைக்கும் அந்தப் பிள்ளைதான் அந்தப் பல்லால் சாப்பிட வேண்டும். இங்கிலாந்து ஆராய்ச்சியில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. அதை வைத்துக் குழந்தைகளுக்கும் நிறுத்தியது எந்த நியாயத்திலும் சேராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல் உங்களிடமே இருக்கிறது.

செலவைப் பற்றி. தேயிலை விலையும் ஆள் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். நிர்வாகத்துக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு டாக்டருக்கும் ஒரு ஜீப்புக்கும் ஆகிற செலவு இது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோதே, தொழிலாளிக்கு மருத்துவ வசதி 'எளிதில் கிடைக்கும்படி' இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 40 வளைவுகளுக்குக் கீழே இருக்கிற நாற்காலியை எளிதில் கிடைக்கிறது என்று சொல்ல முடியாது. செலவுதான் காரணமென்றால் அதைச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். வராத டாக்டரால் நஷ்டம் இல்லை என்று ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி, படிக்க வாய்ப்பில்லாத பெண்களிடம் ஒரு தாளைக் காட்டியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே எங்கள் கோரிக்கைகள். லைன் பெண்களோடும் அண்ணனோடும் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எழுதுகிறேன்.

அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வழக்கமாக நடக்கும் ஜூன் முகாம் இந்த வருடமும் நடக்க வேண்டும்.

அந்த முகாமில் எல்லோருடைய வாயையும் ஒருமுறை பார்த்துப் பட்டியலைப் பிரிக்கச் சொல்லுங்கள். வெற்றிலை, புகையிலை, கைனி பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே திட்டோ புண்ணோ இருந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ டாக்டர் சொல்கிற இடைவெளியிலோ பார்க்க வேண்டும். குழந்தைகளை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எந்தப் பழக்கமும் இல்லாமல் பல்லும் ஈறும் நன்றாக இருக்கிற பெரியவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்; அதற்கு நாங்களும் சம்மதிக்கிறோம். நீங்கள் காட்டிய ஆராய்ச்சி சொல்வது இதைத்தான். இப்படிப் பிரித்தால் டாக்டருக்கு ஆகும் நேரமும் குறையும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் காப்பக ஆயாக்களுக்கும் வாயைப் பார்க்கப் பயிற்சி கொடுங்கள். ஒரு டார்ச், ஒரு கண்ணாடி, ஒரு நாள் பயிற்சி. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது, இந்த மூன்றையும் கண்டுபிடிக்க அவர்களால் முடியும். பயிற்சி தர எங்கள் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார், காசு வேண்டாம் என்றும் சொன்னார். நானும் கூட வருகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவருக்கு அந்த நாள் சம்பளமும், போய்வர வண்டியும் கொடுங்கள். கூட வருகிற ஒருவருக்கும் சேர்த்து.

இனி ஒட்டுகிற எந்த மருத்துவ அறிவிப்பையும் இந்தியிலும் ஒட்டுங்கள், மஸ்டரில் வாய்விட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, 2016 முதல் டாக்டர் எழுதிவந்த அந்தப் பதிவேடுகள் ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கின்றன. நீல அட்டை போட்ட நான்கு நோட்டுகள். யாருக்கு எந்தக் கன்னத்தில் எவ்வளவு பெரிய திட்டு என்று ஒவ்வொரு ஆளுக்கும் படம் இருக்கிறது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜூனில் யார் வந்து பார்த்தாலும் அந்த நோட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழுதட்டில் தோல் வெளுத்த அந்த மூன்று பையன்களின் பக்கங்கள் நான்காவது நோட்டின் கடைசியில் இருக்கின்றன.

உங்கள் பதிலை எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். அறிவிப்பை ஒட்டிய அதே மஸ்டர் பலகையில், இந்த மாதக் கடைசிக்குள் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த ஒரு தொழிலாளியின் மகள்,
பொள்ளாச்சி.